ஒன்றிலிருந்து

“கல்யாணப் பொண்ணு பேரையே சின்னதாத்தான் போட்டுகீறேன். உன் பேரை எங்க போடறது?” என்று சிரித்தார் சின்னதம்பி.

ஷபீனா கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்லபாக்கத்தில் அவருடைய ஸ்டூடியோவில் சேர்ந்து இரண்டு வருடம். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் தன் பெயரையும் போடச் சொல்லிக் கேட்பாள்; இதே சிரிப்பு.

ரூக்சாரின் நிக்காஹ் ஆல்பத்துக்கு அட்டைப் படம் தயார். ரோஜாக்களுக்குக் கீழே பெரிதாக, ‘ஒளிப்படம்: சின்னதம்பி’.

அட்டை முதல் எண்ணில் வர வேண்டுமாம். அப்படியானால் பெண்கள் கூடத்துப் படங்கள், 001 முதல் 812 வரை, எல்லாமே ஓர் எண் தள்ளிப் போக வேண்டும்.

ஷபீனா கணினிக்கு நான்கு வரிக் கட்டளை எழுதினாள். படக் கோப்புப் பெயரின் கடைசியில் உள்ள எண்ணைப் பிடி. ஒன்றைக் கூட்டு. புதுப் பெயர் வை. 812-இலிருந்து கீழே இறங்கி வா.

“இன்னாத்துக்குக் கடைசிலேர்ந்து?”

“ஒண்ணை ரெண்டாக்கினா, ஏற்கெனவே இருக்கிற ரெண்டு அழிஞ்சிடும்ண்ணா. அப்புறம் மூணு, நாலு, எல்லாம் போயிடும்.”

“இருவது வர்சமா கேமரா புடிக்கிறேன். எனக்கே ஒண்ணு ரெண்டு சொல்லித் தர்றியா? ஒண்ணுலேர்ந்து போடு. இல்லாங்காட்டி பையை எடுத்துகினு கெளம்பு.”

அவள் கடைசி வரியை மாற்றினாள்.

வேறு நகல் கிடையாது. மேடவாக்கம் வரவேற்புக்கு வேண்டுமென்று கேமராவின் மெமரி கார்டைக் காலையில்தான் அவர் அழித்திருந்தார்.

417 நினைவுக்கு வந்தது. வாய் நிறைய லட்டு, மருதாணிக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கும் ரூக்சார். இன்னொரு முறை சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தாள்.

“இன்னா மொறைக்கிற?” அவள் கையைத் தட்டிவிட்டு, சின்னதம்பியே என்டரை அழுத்தினார்.



பெயர்கள் கடகடவென்று ஓடி நின்றன. அட்டையைத் தவிர ஒரே ஒரு படம் மிச்சம். எண் 813.

அவர் திறந்தார்.

ஆளில்லாத மேடை. மணப்பெண்ணின் நாற்காலியில் ஷபீனா. வெளிச்சம் பார்ப்பதற்கான வெள்ளைத் தாளைப் பிடித்தபடி, நேராக அவரைப் பார்க்கிறாள்.

பெண்கள் வந்துவிட்டால் ஆண்கள் நுழைய முடியாத கூடம் அது. அவர்கள் வருமுன் சின்னதம்பி எடுத்தது அந்த ஒரு படம்தான், பழைய 001. பிறகு கேமராவை அவளிடம் கொடுத்துவிட்டுப் பிரியாணிக்குப் போய்விட்டார். மீதி 811 படங்களும் அவள் எடுத்தவை.

ஷபீனா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“அட்டைல பேரு இப்போ சரியா இருக்குண்ணா.”