ஆசையடக்கி

அப்பாவின் முதலாண்டுப் படையலுக்கு இலை போட்டாயிற்று.

"அப்பாவுக்குப் பிடிச்சது என்னம்மா?" என்று மகிழினி கேட்டாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளாக அவர் காதுக்குப் பின்னால் ஆசையடக்கிப் பட்டை இருந்தது. மாரடைப்புக்குப் பிறகு டாக்டர் ஒட்டியது. மூளையில் எந்த ருசிக்கும் ஏக்கம் சுரக்காது. போட்டதைச் சாப்பிடுவார், எதையும் கேட்டதில்லை.

"ஒரே ஒரு தடவை கேட்டாரு," என்றாள் அம்மா, இலையைப் பார்த்தபடி. "ஆஸ்பத்திரியில, கடைசி நாள். வேர்வையில பட்டை கழண்டு கிடந்துச்சு. 'பவி, நெத்திலிக் கருவாடு வறுத்துத் தாயேன்'னு சின்னப் பிள்ளை மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

"குடுத்தியாம்மா?"

"பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டு வேற பட்டை ஒட்டச் சொன்னேன்டி. அப்புறம் அவரு கேக்கல."