குறை கேட்க வருபவள்

அந்தப் பனி நகரில் தமிழ் பேசுபவள் தவமலர் ஒருத்திதான். ஒருத்தியானாலும் சிறுபான்மை இனம்தான் என்பது உலகச் சட்டம். அதனால் சிறுபான்மையோர் ஆணையத்தின் அதிகாரி அன்னெலி மாதமொருமுறை வந்து குறை கேட்பாள். வீடு தேடி வந்தவளிடம் குறை சொல்லலாமா? தவமலர் புட்டும் சம்பலும் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

பதினோராம் மாதம், தவமலரிடமே கற்ற தமிழில் அன்னெலி சொன்னாள்: "அடுத்த முறையும் குறை இல்லையெண்டால் உங்கட பைலை மூடிப்போடுவினம், அன்ரி. பிறகு நான் வரமாட்டன்."

தவமலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்பவே எழுது பிள்ளை. அதிகாரி மாதத்திலை ஒருக்காத்தான் வாறா."

ஆணையம் அவளை வாரந்தோறும் அனுப்பியது. முதல் வாரமே குறை தீர்ந்ததா என்று அன்னெலி கேட்டாள்.

"அரைவாசி தீர்ந்திட்டுது எண்டு போடு" என்றபடி தவமலர் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தாள்.