வீட்டிலை சொல்லிக் குடுப்பம்

"பொம்பிளை, கொஞ்சம் சிரியும் பாப்பம்!" என்று மறுபடியும் கத்தினான் வீடியோக்காரன். பொம்பிளை சிரிக்கவில்லை. தலை நிறையக் கல்லு நகையும், இடுப்பில் ஒட்டியாணமும், தோளை அமத்தும் பூமாலையுமாக, கால் நிலத்தில் முட்டாமல் மணவறைக் கதிரையில் இருந்தாள்.

கால் எப்படி முட்டும்? பொம்பிளைக்கு வயது பத்து. ஐந்தாம் வகுப்புத் தர்சனா. பெரிய பிள்ளையாகிவிட்டாளாம், அதுதான் இவ்வளவு கூத்தும்.

ஊர்காவற்றுறைச் சந்தியில் 'பூப்புனித நீராட்டு விழா' என்று அவளுடைய ஆளுயரப் படத்தோடு பதாகை கட்டியாயிற்று. யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் இருந்தபடியே அதை வாசிக்கலாம். லண்டன் மாமி வந்திறங்கியாயிற்று. பங்குச் சுவாமியும் வந்து, செபம் சொல்லி ஆசீர்வதித்துவிட்டுப் போய்விட்டார். பந்தலுக்கு மேலே ஒரு ட்ரோன், மாம்பழத்தை மொய்க்கிற இலையான் மாதிரி இரைந்துகொண்டு திரிந்தது.

பின்வரிசையில் இருந்த மாக்கிறேற் ரீச்சருக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? தர்சனாவின் வகுப்பாசிரியை அவர். வராமல் விட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்றுதான் வந்திருந்தார்.

போன தவணை பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டம் நடந்தது. வளரும்போது உடம்பில் என்னென்ன மாற்றம் வரும் என்று ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுக்கப்போகிறேன் என்றார் ரீச்சர். அவ்வளவுதான் சொன்னார். தர்சனாவின் தகப்பன் ஜெகதீஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான்.

"பச்சைப் பிள்ளையளுக்கு முன்னாலை கதைக்கிற கதையே இது? உங்களுக்கு வெக்கமா இல்லையோ ரீச்சர்?"

"அதுகளை நாங்கள் வீட்டிலை சொல்லிக் குடுப்பம். நீங்கள் கணக்கைப் படிப்பியுங்கோ, காணும்," என்றாள் தாய். மற்றப் பெற்றார் கை தட்டினார்கள்.

அதிபர் சிஸ்ரர் நல்ல மனிசி, ஆனால் சண்டை என்றால் சரியான பயம். "ஓமெண்டு சொல்லிவிடுங்கோ ரீச்சர், பிரச்சினை முடியட்டும்," என்று காதுக்குள் கெஞ்சினார். இதைப் பற்றிப் பிள்ளைகளிடம் இனி ஒரு வார்த்தையும் கதைக்க மாட்டேன் என்று ரீச்சர் எல்லோருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்தார். அந்தப் பாடத்துக்கென்று ஆசையாகக் கீறிவைத்த படங்கள் சுருட்டப்பட்டு அலுமாரிக்கு மேலே போயின.

அன்றைக்கு வெட்கத்தைப் பற்றிக் கதைத்த அதே மனிசன் இன்றைக்குச் சந்தியில் பதாகை கட்டியிருக்கிறான். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

"வாங்கோ ரீச்சர், வாங்கோ! பிள்ளையோடை ஒரு படம் எடுக்க வேணும்." தாய் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "ஒரு குறையும் விடேல்லை ரீச்சர். தனி அறை, தனிப் பாய், சாப்பாட்டுக்குத் தனிக் கோப்பை. விடிய எழும்பினவுடனை பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். ஒரு கேள்வி கேக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிச்சவள். தங்கமான பிள்ளை."

ரீச்சர் தலையாட்டினார். சரி, பள்ளிக்கூடத்தில் சொல்லாவிட்டால் என்ன, தாய் பக்கத்தில் இருத்திவைத்துப் பக்குவமாகச் சொல்லியிருப்பாள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அதற்குள் தர்சனாவின் நாலு வயதுத் தம்பி சுபேசன் "அக்கா!" என்று கத்திக்கொண்டு மணவறைக்கு ஓடினான். இவ்வளவு நாளும் அக்காவின் அறைப்பக்கமே அவனை விடவில்லை. மடியில் ஏறப்போனவனை இரண்டு கையாலும் தடுத்தாள் தர்சனா.

"கிட்ட வராதை! போ! அம்மாட்டைப் போ!"

பொடியன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழத் தொடங்கினான்.

"பாருங்கோவன், சீலை கசங்கிப்போமெண்டு அவவுக்குப் பயம். இப்பவே பெரிய மனிசியாகிட்டா!" என்று லண்டன் மாமி சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நல்ல காட்சி கிடைத்ததென்று வீடியோக்காரன் ஓடிவந்து எடுத்தான்.

ரீச்சருக்கு மனம் நொந்துபோயிற்று. ஞாயிறு பூசையில் தம்பியை இடுப்பை விட்டு இறக்காத பிள்ளை. ஒரு சீலை கட்டியவுடன் இப்படி மாறிவிடுமா?

போய்த் தர்சனாவுக்குப் பக்கத்தில் நின்றார். மற்றப் பக்கத்தில் ஜெகதீஸ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றான். "கமெராவைப் பாருங்கோ ரீச்சர்," என்றான் மரியாதையாக.

அப்போது மருதாணி போட்ட ஒரு சின்னக் கை ரீச்சரின் சீலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தது. ரீச்சர் குனிந்து பார்த்தார். பூசியிருந்த பவுடரைக் கரைத்துக்கொண்டு கண்ணீர் இறங்கியது.

"ரீச்சர், ஒண்டு கேக்கட்டோ? அம்மாட்டைக் கேட்டனான், வாயைப் பொத்து எண்டு பேசினவ."

"கேள் பிள்ளை."

தர்சனா தகப்பனைக் கடைக்கண்ணால் பார்த்தாள். பிறகு, தூரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"எனக்கு வந்த வருத்தம் தம்பிக்கும் தொத்துமோ ரீச்சர்?"