இடது பக்க விளக்கு

"பாலிஷ் போட வேண்டாம் தம்பி. போட்டிருக்கிற பாலிஷைக் கெடுக்கணும்."

சொல்லிவிட்டுக் கிரேஸ் டீச்சர் வாசல் கேட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சர்ச்சில் சேகரக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போன கணவர் பாக்கியசீலன் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும்.

வண்ணார்பேட்டையிலிருந்து மெஷினும் பையுமாக வந்திருந்த தாவூது, காரின் முன்விளக்குகளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன டீச்சர் சொல்லுதிய? மங்குன லைட்டைத் தெளிய வைக்கத்தான் எல்லாரும் என்னைக் கூப்பிடுவாவ. உங்க லைட்டு பளிங்கு மாதிரில்லா இருக்கு!"

"அதுதான் தம்பி வினை. மகன் எபனேசர் பெங்களூர்லருந்து வந்தான். முந்தாநாள் பூரா உக்காந்து தேச்சு இப்படி ஆக்கி வச்சிட்டான். 'இனிமே ராத்திரியிலயும் ஓட்டலாம்ப்பா, சாத்தான்குளம் நிச்சயதார்த்தத்துக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க'ன்னு சொல்லிட்டு ரயிலேறிட்டான். இவியளும் 'சரிலே'ன்னுட்டாவ. இன்னைக்குச் சாயங்காலம் நிச்சயதார்த்தம். திரும்பும்போது நல்லா இருட்டிரும்."

"இருட்டினா என்ன? லைட்டுதான் நல்லா இருக்கே."

அவள் குரல் இறங்கியது. "கோளாறு லைட்டுல இல்ல தம்பி. அவிய கண்ணுல."

பாக்கியசீலன் முப்பத்தொரு வருஷம் மாஞ்சோலை மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். மழையிலும் பனிமூட்டத்திலும் ஒரு கீறல் விழாமல் வண்டியை இறக்கியவர். போன வருஷம் ஒரு சாயங்காலம் செய்துங்கநல்லூர் தாண்டியதும் திடீரென்று காரை ஓரங்கட்டினார். "லைட்டு மங்கிப்போச்சு கிரேஸ். ரோடே தெரிய மாட்டேங்குது" என்றார். அவளுக்கோ அந்த வெளிச்சத்தில் ரோட்டோரப் பனைகளை எண்ண முடிந்தது. அவள் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஆறு மணிக்கு மேல் அவர் சாவியைத் தொடுவதில்லை.

"அதுக்கப்புறம் அந்த லைட்டும் நெசமாவே மங்கிப் போச்சு. கர்த்தர் செஞ்ச ஒத்தாசைன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

"அண்ணாச்சிக்குக் கண்ணு விஷயம் தெரியாதா?"

"தெரியாது. லைட்டுதான் காரணம்னு நம்பிக்கிட்டு இருக்காவ. காலையில கூட ரெண்டு தடவை காரைச் சுத்தி வந்து லைட்டைத் தடவித் தடவிப் பாத்தாவ. மகன் செஞ்ச வேலையில அவ்வளவு சந்தோஷம் போல. இந்த லைட்டோட இன்னைக்கு ராத்திரி ஓட்டிப் பாத்தா உண்மை தெரிஞ்சிரும். அந்த மலையில வண்டி ஓட்டின மனுஷன் தம்பி. தாங்கமாட்டாவ. இல்ல, தெரியாமலே போய் எங்கயாவது…"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சிரிப்பான் என்று பயந்திருந்தாள். தாவூது சிரிக்கவில்லை. மெஷினைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு முரட்டு உப்புத்தாளை எடுத்தான்.

"மகன் கேட்டா என்ன சொல்லுவிய?"

"'நீ கடையில வாங்கிப் போட்ட பாலிஷ் ரெண்டே நாள்ல பல்லை இளிச்சிட்டுலே'ன்னு சொல்லுவேன்."

"என் தொழிலுக்கு நல்லா பேரு வாங்கித் தாரிய" என்றான். பிறகு, "என் நம்பர் உங்களுக்கு எங்கன கிடைச்சுது?" என்று மெதுவாகக் கேட்டான்.

"காருக்குள்ள உங்க கார்டு கிடந்துச்சு. தெளிய வைக்கணும்னு அவியளே என்னைக்கோ வாங்கி வச்சிருப்பாவ. அப்புறம் மறந்திருப்பாவ."

தாவூது உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வலது விளக்கை உரச ஆரம்பித்தான். பால் போல வெள்ளைத் தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. மகன் ஒரு நாள் முழுக்கத் தேய்த்துக் கொண்டுவந்த தெளிவு கால் மணி நேரத்தில் மறைந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளே போய் அவனுக்குக் காப்பி போட்டாள்.

தம்ளரோடு வந்தபோது இடது விளக்கும் முடிந்திருந்தது. துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வலது பக்கம் லேசான புகை போல. இடது பக்கம் நன்றாகவே மங்கல்.

"அச்சு அசல் பழைய மாதிரியே இருக்கு தம்பி!" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "எடது பக்கம்தான் கூட மங்கலா இருந்துச்சுன்னு நான் சொல்லவே இல்லியே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. தாவூது தலையை நிமிர்த்தவில்லை.

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அண்ணாச்சி என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காவ டீச்சர். போன வருஷம் இந்தக் காரைக் கடைக்குக் கொண்டாந்தாவ. கண்ணு இனிமே தேறாதுன்னு டாக்டர் கையை விரிச்சிட்டாராம். 'என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா, லைட்டுதான் கோளாறுன்னு அவ நம்பணும்'னு சொல்லி என்னை உரச வச்சாவ."

காப்பித் தம்ளரை வாங்கக்கூட மறந்து, இடது விளக்கையே பார்த்தபடி சொன்னான்.

"'எடது பக்கத்தை நல்லா உரசுலே, அவ உக்காருற பக்கம் அதுதான்'னாவ."