இறங்கி வந்த கோடு

“என்னடா இது, படிக்கப் படிக்க மார்க்ஸ் இறங்குது?”

பிரேமினி டீச்சர் திலக்ஷனின் வரைபைத் தூக்கிக் காட்டியதும் பத்தாம் வகுப்பே குலுங்கிச் சிரித்தது.

டீச்சருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஹட்டன் கணிதக் கண்காட்சிக்கு வகுப்புக்கு ஒரு வரைபுதான் போகலாம். அது திலக்ஷனுடையதுதான் என்று ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பையன் கோடு போட்டால் அப்படி ஒரு சுத்தம்.

கொடுத்த வேலையும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. தேயிலைத் தோட்டத்தில் அவரவர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளிடம் போன தவணைப் பரீட்சை மார்க்ஸையும், தினம் வீட்டில் படிக்கிற நேரத்தையும் கேட்டு வரைபு கீற வேண்டும். அவ்வளவுதான்.

“நேரம் சாரா மாறி. அது கீழே, x அச்சுல. அதை நம்பித்தான் மார்க்ஸ் கூடும், குறையும். அதனால மார்க்ஸ் சார்ந்த மாறி, y அச்சுல. எத்தனை தரம் சொன்னேன்? நீ மாத்திப் போட்டிருக்க.”

“எங்க லயத்துல அப்படித்தாங்க டீச்சர்.”

“லயத்துக்கு லயம் கணக்கு மாறுமா? சரி, உச்சியில ஒரு புள்ளி நிக்குதே. மூணு மணித்தியாலம் படிச்சு இருபது மார்க்ஸ். யாரு அந்தப் பிள்ளை? பேரைச் சொல்லு.”

“பேரு சொல்ல ஏலாதுங்க டீச்சர்.”

“அப்ப நீயா அடிச்சு விட்டது.”

திலக்ஷன் காது சிவக்க நின்றான். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? டீச்சருக்கு மனசு விட்டுப்போனது.

“கிஷாந்த், உன்னோடதைக் கொண்டா. அது ஹட்டனுக்குப் போகட்டும்.”

அப்போதுதான் கடைசி வரிசையில் தனுஷிகா எழும்பினாள். வகுப்பில் கையே தூக்காத பிள்ளை.

“அந்த உச்சிப் புள்ளி நாந்தாங்க டீச்சர்.”

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

“எங்க லயத்துல மார்க்ஸ் கொறஞ்ச பிள்ளைக்கு அடுத்த தவணை வரைக்கும் வீட்டு வேலை இல்லைங்க. தண்ணி, வெறகு எல்லாத்தையும் கூட மார்க்ஸ் எடுத்த பிள்ளைங்க பங்கு போட்டுக்குவாங்க. மார்க்ஸ் கொறையக் கொறைய படிக்க நேரம் கூடுங்க. மார்க்ஸை வச்சுத்தாங்க எங்களுக்கு நேரம்.”

டீச்சர் மறுபடி தாளைப் பார்த்தார். மார்க்ஸ் கீழே, நேரம் மேலே. அட, பையன் போட்ட அச்சு சரிதான். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிஷாந்த் கொண்டுவந்த தாளை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப இந்தக் கோடி மூலையில கிடக்கிற புள்ளி? தொண்ணூத்தாறு மார்க்ஸ், அரை மணித்தியாலம். இது யாருடா?”

திலக்ஷன் தலையைக் குனிந்துகொண்டான். தனுஷிகாதான் சொன்னாள்.

“அவந்தாங்க டீச்சர். எங்க வீட்டுத் தண்ணியும் அவந்தான் தூக்குறான்.”