இடித்த கிளாஸ்

பெண்வீட்டு மொட்டைமாடியில் மாப்பிள்ளையின் அப்பா தங்கதுரை எல்லாப் பேச்சையும் ‘சியர்ஸ்’ என்றே முடித்தார். கல்யாணம் எங்கள் ஊரில்தான், சியர்ஸ். பிள்ளைகள் எங்களோடுதான் குடியிருக்க வேண்டும், சியர்ஸ். மறுக்க வாயெடுப்பதற்குள் கிளாஸ்கள் இடித்துவிடும். இடித்ததைக் குடிக்காமல் கீழே வைக்கிற வழக்கம் இரு வீட்டாரிடமும் இல்லை. குடித்துவிட்டால் அது சம்மதம். பெண்ணின் அப்பா அருள்ராஜ் இரண்டு முறையும் குடித்திருந்தார்.

“மருமவ வேலைய விட்டுரட்டும். சியர்ஸ்,” என்றார் தங்கதுரை.

கிளாஸ்கள் எழுந்து அந்தரத்தில் நின்றன. குடிக்குமுன் வழக்கப்படி விரலால் ஒரு சொட்டு தெளித்தவர்கள்கூடக் குடிக்காமல் அருள்ராஜையே பார்த்தார்கள். அவர் தன் கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார்.

“எனக்குத் தீந்துட்டு.”

“வெறுங்கிளாஸ இடிச்சா நல்லாவா இருக்கும், சம்பந்தி?”

தங்கதுரையே அதைப் பிரியமாக நிமிர்த்தி விளிம்புவரை ஊற்றினார். கீழே மகள் ஷெரின், திங்கட்கிழமை ஷிப்டுக்குத் தானே வருவதாக யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அருள்ராஜ் கிளாஸைத் தூக்கவில்லை. சிந்திவிடாமல் மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மற்ற கிளாஸ்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்து அதில் இடித்தன.