சீக்கிரம் நகரும் வரிசை

"துண்ட நல்லா உருட்டி வைம்மா. தட்டையா இருந்தா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

பேரங்காடியின் கழிவறை வாசலில் நின்று துளசி கிசுகிசுத்தாள். அம்மா கங்கா அந்தத் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு, பாம்பைக் கொடுத்த மாதிரி முழித்தாள்.

மணி இரண்டரை. ஐந்து மணிக்குத் துளசிக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் செரண்டாவிலிருந்து வருகிறார்கள். முப்பது பேர் என்றவர்கள், காலையில் போன் போட்டு அறுபது பேர் என்றுவிட்டார்கள். அப்பா வீட்டு வாசலில் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார். சமையல்காரர் கோழி வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சம்பளம் போட்ட சனிக்கிழமை. பத்தாங் காலி ஊரே ட்ரோலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்திருந்தது.

துளசியிடம் திட்டம் இல்லாமல் இல்லை. நுழைந்ததும் காலி ட்ரோலியோடு அம்மாவை வரிசையில் நிறுத்திவிடுவாள். தான் ஓடி ஓடிச் சாமான் பொறுக்கி வந்து அதில் போடுவாள். எப்போதும் பலிக்கிற திட்டம்தான். இன்றைக்குத் திரும்பி வந்து பார்த்தால், அம்மா வரிசையை விட்டு விலகி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். ஏழெட்டு ட்ரோலிகள் முந்திப் போய்விட்டன.

"காலு கடுத்துச்சுடி."

"எஸ்டேட்ல நாள் முழுக்க நிக்கிற காலு, இங்க அர மணி நேரத்துல கடுக்குதா? நல்ல நாள் பாத்துக் கடுக்குது லா!"

மறுபடி கடைசியில் போய் நின்றால் நாலு மணிக்கும் வெளியே வர முடியாது. ஒரே ஒரு கவுண்டரில்தான் கூட்டம் இல்லை. அதன்மேல் தொங்கிய பலகையில் கைத்தடி பிடித்த கிழவர் படமும், வயிறு தள்ளிய பெண் படமும் இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் இந்தத் துண்டு யோசனை.

"நீயே சுத்திக்கயேன்" என்றாள் கங்கா.

"சாயங்காலம் பரிசம், இப்ப நான் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கவா? எவனாச்சும் போட்டோ புடிச்சு அனுப்புனா, மாப்ள பாதி ரோட்டுலயே திரும்பிடுவாரு."

"எனக்கு நாப்பத்தி நாலு வயசுடி. பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"பத்தே நிமிசம்மா. அதுக்கப்புறம் உன் வயித்த யாரு பாக்கப் போறா?"

துண்டைச் சுற்றிவிடத் துளசி கை நீட்டியதும் கங்கா வெடுக்கென்று தட்டிவிட்டாள். "தொடாத. நானே பாத்துக்கறேன்." உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்தபோது துளசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அச்சு அசல். இடுப்பைப் பிடித்தபடி ஒரு கை வேறு.

"நீ நாடகத்துக்குப் போயிருக்கலாம்மா!"

கவுண்டரில் இருந்த சுமையா, "உக்காருங்க ஆன்ட்டி" என்று முக்காலியை நகர்த்திப் போட்டாள். முதல் கோழிப் பை மெஷினைத் தாண்டியது. துளசிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"நிறுத்தும்மா! அது புள்ள இல்ல, துண்டு!"

குரல் பின்னாலிருந்து வந்தது. "கக்கூஸ் வாசல்ல இந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்தத என் காதால கேட்டேன். அறுபத்தஞ்சு வயசுல முட்டி வலியோட நான் நிக்கறேன், இதுங்க துண்டக் கட்டிக்கிட்டு முன்னால போவுதுங்க!"

துளசி திரும்பிப் பார்த்தாள். பழமும் வெற்றிலையும் நிறைந்த ட்ரோலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ராஜம்மா. மாப்பிள்ளை சசிகுமாரின் பெரியம்மா, இதே ஊரில் இருப்பவர். பெண் பார்க்க வந்த அன்றைக்குத் துளசி சுட்ட முறுக்கை இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றவர்.

ராஜம்மாவுக்கும் இப்போதுதான் முகம் தெரிந்தது.

"அடி ஆத்தி, நீயா! வர்றதுக்கு முன்னாலயே இந்தப் பித்தலாட்டமா? நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்து எத்தன துண்டு சுத்துவ?" கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். "பரிசத் தட்டு ஒன்னும் எடுத்து வைக்க வேணாம்னு சொல்லிடறேன்."

"அத்தை, அத்தை, கொஞ்சம் பொறுங்க..."

பக்கத்து வரிசைகள் எல்லாம் கழுத்தை நீட்டின. ஒருவன் வீடியோவே எடுக்க ஆரம்பித்துவிட்டான். சுமையா பதறிப்போனாள். "சண்ட வேணாம். ஆன்ட்டி, கிளினிக்ல குடுத்த பிங்க் புக் இருக்கா? அதக் காட்டுங்க, பிரச்சன முடிஞ்சிரும்."

கர்ப்பிணிகள் கைப்பையை விட்டாலும் அந்தப் புத்தகத்தை விட மாட்டார்கள். இல்லாத பிள்ளைக்குப் புத்தகத்துக்கு எங்கே போவது?

துளசி அழுதேவிட்டாள். "தப்புதான் அத்தை. அம்மா மேல ஒரு குத்தமும் இல்ல, நான்தான் சொன்னேன். அம்மா, துண்ட எடுத்துடும்மா. மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடலாம்."

கங்கா எழுந்திருக்கவில்லை. மெதுவாகக் கைப்பையைத் திறந்தாள். அடிவரைக்கும் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்த ரோஸ் நிறப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தாள்.

சுமையா பிரித்துப் பார்த்தாள். முத்திரையும் தேதியும் வரிசையாக இருந்தன. "அஞ்சு மாசம்" என்றாள்.

ராஜம்மாவின் கையில் போன் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தது. அவர் காதில் வைக்கவில்லை.

பொய்ப் புத்தகத்தை அம்மா எங்கே பிடித்தாள் என்றுதான் துளசி முதலில் நினைத்தாள். அப்புறம் அம்மாவின் முகத்தையும், திறந்த கைப்பைக்குள் உருட்டியபடியே கிடந்த துண்டையும் பார்த்தாள்.

கங்கா தலை நிமிரவில்லை.

"உன் கல்யாணம் முடியட்டும்னுதான்டி, இத்தன நாளா வயித்த இறுக்கிக் கட்டி வச்சிருந்தேன்."